கேட்டால்தான் கிடைக்குமா கடினமான பாடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களைத் திறன் அடிப்படையில் வெவ்வேறு வகுப்புகளாகப் பிரிப்பது சரியா என்று தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பிரிப்பதே அநீதி, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து ஒரே பாடத்தை நடத்த வேண்டும் என்று ஒரு சாராரும், அப்படிச் செய்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளை சலித்துப்போய்க் கெட்டுப்போகும் என்று மற்றொரு சாராரும் எழுதியிருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, இரு தரப்பும் ஒரு கேள்வியைத் தொடாமலே கடந்து போகிறார்கள் என்பதுதான். கடினமான பாடம் நடக்கும் தனி வகுப்பு ஒரு பள்ளியில் இருக்கலாமா கூடாதா என்று வாதிடுவதற்கு முன்னால், அந்த வகுப்பில் யார் உட்காருவது என்பதை அங்கே எந்த வழியில் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அநீதி பெரும்பாலும் அந்த வழியில்தான் புகுந்து கொள்கிறது.

வழக்கமான நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆண்டு இறுதியில் வகுப்பாசிரியர் ஒரு பட்டியல் தருவார். அதில் பெயர் இல்லாத பிள்ளையின் பெற்றோர் விவரம் தெரிந்தவராக இருந்தால் தலைமையாசிரியரை நேரில் பார்த்து, கடிதம் கொடுத்து, தேவையானால் வெளியில் பணம் கட்டி ஒரு நுண்ணறிவுத் தேர்வையும் எழுத வைத்து, எப்படியாவது பெயரைச் சேர்த்துவிடுவார். விவரம் தெரியாத பெற்றோருக்கு அப்படி ஒரு வகுப்பு நடக்கிற செய்தியே அடுத்த ஆண்டுதான் காதுக்கு வரும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது வீட்டுக்குப் பொருந்தலாம்; மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி அதையே விதியாக வைத்துக்கொள்ளலாகாது.

ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பரிந்துரைப் படிவங்களில் என்ன கேட்கப்படுகிறது என்று பார்த்தால் போதும். தானாக முன்வந்து பதில் சொல்கிறாரா, வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடிக்கிறாரா, ஆர்வத்துடன் கேள்வி கேட்கிறாரா என்றெல்லாம் அதில் இருக்கும். எல்லாம் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புள்ள சிறுமி வீட்டுப்பாடத்தை முடிக்காமல் வருவாள். பள்ளியின் மொழியை அண்மையில்தான் கற்றுக்கொண்ட பிள்ளை கையைத் தூக்காது. கணக்கைச் சட்டென்று முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுகிற பையனின் பெயர் வேறொரு பட்டியலுக்குப் போகும். வயதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஓராண்டு வித்தியாசம் இருக்கும். ஆறு, ஏழு வயதில் அந்த ஓராண்டு முதிர்ச்சியைத் திறமை என்று எடுத்துக்கொள்வது மிகவும் எளிது. ஆக, அழகான கையெழுத்தில் வரிசையாக எழுதி, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை பரிந்துரை பெறுகிறது. அது தவறில்லை. பரிந்துரை பெறாத பிள்ளைக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டுவதுதான் தவறு.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் ப்ரோவர்ட் கவுண்டி, அந்நாட்டின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களுள் ஒன்று. மிகுந்த திறமையுள்ள பிள்ளைகளுக்கென்று நடக்கும் மீத்திறன் திட்டத்தில் ஒரு பிள்ளை சேர வேண்டுமானால் ஆசிரியரோ பெற்றோரோ முதலில் பெயர் கொடுக்க வேண்டும் என்பதே அங்கே நெடுநாள் வழக்கம். 2005-இல் அதை மாற்றி, இரண்டாம் வகுப்பில் படிக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு சிறு சோதனை வைத்தார்கள்; சொற்களை அதிகம் நம்பாமல் வடிவங்களை வைத்து யோசிக்கச் செய்யும் சோதனை அது. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டியவர்களை முழுமையான நுண்ணறிவுத் தேர்வுக்கு அனுப்பினார்கள். திட்டத்தில் சேருவதற்கான தகுதி வரம்பை அவர்கள் கொஞ்சமும் தளர்த்தவில்லை. அப்படியிருந்தும் தேர்வான ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், ஹிஸ்பானியப் பிள்ளைகள் (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்) ஆகியோரின் விகிதம் வெகுவாக உயர்ந்தது. ஹிஸ்பானியப் பிள்ளைகளிடையே அது இரு மடங்குக்கும் மேல் போயிற்று. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற பொருளியல் அறிஞர்கள் இருவர் இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். ஏழைகள், சிறுபான்மையினர், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள், பெண் குழந்தைகள் ஆகிய அனைவரும் பழைய பரிந்துரை முறையில் தொடர்ந்து விடுபட்டு வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. பின்னர்ப் பொருளாதார நெருக்கடி வந்து, செலவைக் குறைப்பதற்காக அந்தச் சோதனையை நிறுத்தியபோது ஏற்றத்தாழ்வு பழையபடி தலைதூக்கியது. இத்தனைக்கும் இடையில் பிள்ளைகள் மாறவில்லை, வரம்பு மாறவில்லை, தேடுகிற முறை மட்டும்தான் மாறியது.

வகுப்புகள் இரண்டும் உண்மையில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை வெளியில் இருப்பவர்கள் பலர் உணர்வதில்லை என்று நினைக்கிறேன். மேல்பிரிவில் பாடம் கொஞ்சம் வேகமாக நடக்கும், கீழ்ப்பிரிவில் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான் என்று எண்ணுகிறார்கள். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மேல்பிரிவுக்குத் தரப்படும் பயிற்சித்தாளின் முதல் கேள்வி, ஆறை அரையால் வகுத்தால் பன்னிரண்டு வருகிறதே, வகுத்தால் எண் சிறியதாகத்தானே ஆக வேண்டும், ஏன் பெரிதாகிறது என்பது. ஒரு பாடவேளை முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போய்விடும். ஒருவன் கோடு வரைந்து காட்டுவான், இன்னொருத்தி அதை மறுப்பாள், கடைசியில் விதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கீழ்ப்பிரிவுக்கான தாளில் முதல் வரியிலேயே விதி கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும்: 'இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குக.' அதன் கீழே இருபது கணக்குகள். வார இறுதித் தேர்வில் கீழ்ப்பிரிவுப் பிள்ளைகளும் நல்ல மதிப்பெண்தான் வாங்குவார்கள். ஒருமுறை அந்தப் பிரிவில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி, யாரும் கேட்காமலே, "ஆறுக்குள்ளே எத்தனை அரை இருக்குன்னுதானே சார் இது கேக்குது?" என்றாள். மேல்பிரிவில் ஒரு மணி நேர வாதத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த இடம் அதுதான். அவளுடைய பயிற்சித்தாளில் அந்த யோசனைக்கு ஓர் இடமும் இல்லை, அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. ஆண்டு இறுதியில் அவளையும் மேல்பிரிவுப் பிள்ளைகளையும் ஒரே தேர்வில் உட்கார வைத்தால், இரண்டு பயிற்சித்தாள்களுக்கும் உள்ள இடைவெளியைத்தான் அந்தத் தேர்வு அளக்கும். அதை நாம் இரண்டு மூளைகளுக்கும் உள்ள இடைவெளி என்று படித்துக்கொள்வோம்.

கணிதத்தில் இது மேலும் கூர்மையாகிறது. அமெரிக்கப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் படித்தவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் வடிவியல், இரண்டாம் நிலை இயற்கணிதம், நுண்கணித முன்பாடம் என்று ஏறிப் பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதத்தை அடைவார். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் தொடங்கியவர் வழக்கமான வேகத்தில் போனால் நுண்கணிதத்தைத் தொடாமலே பள்ளியை விட்டு வெளியே வருவார். ஆறாம் வகுப்பில் எந்தப் பிரிவில் போட்டார்களோ அது எட்டாம் வகுப்பைத் தீர்மானிக்கிறது. எனவே பதினொரு வயதில் ஒரு படிவத்தில் விழுந்த குறி, பதினேழு வயதில் பொறியியலுக்கோ இயற்பியலுக்கோ விண்ணப்பிக்கும்போது முன்னால் வந்து நிற்கிறது. நடுவில் அந்தப் பிள்ளை எவ்வளவு முயன்றிருந்தாலும் இடையில் விடுபட்ட ஓராண்டுப் பாடத்தை ஈடுகட்டுவது எளிதில்லை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே, ஏறக்குறைய பத்து வயதில், பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். பல நாடுகளின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டு எரிக் ஹனுஷெக், லூட்கர் வோஸ்மான் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, சிறு வயதில் பிரிப்பது ஏற்றத்தாழ்வைக் கூட்டுகிறது என்று சொன்னது; மொத்தச் சராசரியை அது உயர்த்துகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் எல்லாப் பிரிவுகளையும் எடுத்துவிடலாமே என்று பிரிவினையை எதிர்க்கும் நண்பர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். 1967-இல் வாஷிங்டன் நகரப் பள்ளிகளின் தரம் பிரிக்கும் முறையை நீதிபதி ஜே. ஸ்கெல்லி ரைட் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். கீழ்ப்பிரிவுகளில் கறுப்பின ஏழைப் பிள்ளைகள் குவிந்திருந்ததையும், அவர்களைப் பிரிக்கப் பயன்படுத்திய தேர்வுகள் வெள்ளையர் நடுத்தர வர்க்கப் பிள்ளைகளை அளவுகோலாக வைத்து உருவாக்கப்பட்டவை என்பதையும், ஒருமுறை விழுந்தவர் மேலே ஏறுவது அரிது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது பழையதாகத் தெரியவில்லை. ஃபின்லாந்து 1985-இல் கணிதத்திலும் அயல்மொழிகளிலும் இருந்த திறன் பிரிவுகளை அறவே எடுத்துவிட்டது; அதனால் அந்நாடு தாழ்ந்துவிடவில்லை.

ஆனால் வகுப்பை எடுத்துவிட்டால் மட்டும் இடைவெளி மூடிக்கொள்ளும் என்று நம்பியவர்களுக்கு சான் ஃபிரான்சிஸ்கோ ஒரு பாடம் சொல்கிறது. 2014-இல் அந்நகரப் பள்ளிகள் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தை நிறுத்தி, எல்லோரும் ஒன்பதாம் வகுப்பில்தான் அதைப் படிக்க வேண்டும் என்று வைத்தன. நோக்கத்தில் குறையில்லை. விளைவு வேறாக இருந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைக் கணிதப் பாடங்களில் சேருவோர் தொகை முதலில் சுமார் 15 விழுக்காடு குறைந்தது. இனங்களுக்கிடையே இருந்த இடைவெளியோ பெரும்பாலும் அப்படியே இருந்தது. வசதியுள்ள பெற்றோர் வெளியில் பணம் கட்டி அந்த ஓராண்டை வாங்கிக்கொண்டார்கள், வசதியில்லாத வீட்டின் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பள்ளியில் இருந்த ஒரே வாய்ப்பும் போயிற்று. 2024 பிப்ரவரியில் பள்ளி வாரியமே எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது. அடுத்த மாதம் நகர மக்களும் வாக்களித்து அதற்கு ஆதரவு தெரிவித்தார்கள்.

எதிர்த்திசையில் போன சிகாகோவும் தடுமாறியது. 1997-இல் ஒன்பதாம் வகுப்பில் எல்லோருக்கும் இயற்கணிதம் கட்டாயம் என்று அறிவித்தார்கள். பாடத்தின் பெயர் மாறியது, உள்ளே உதவி எதுவும் சேரவில்லை. தோல்வியுற்றோர் தொகை கூடியது. தேர்வு மதிப்பெண்கள் உயரவில்லை. 2003-இல் அதைத் திருத்தி, எட்டாம் வகுப்பில் சராசரிக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தினம் ஒன்றுக்கு இரண்டு பாடவேளை இயற்கணிதம் கொடுத்தார்கள். கூடுதல் வேளையில் பயிற்சி, கேள்வி, எழுதிக் காட்டி விளக்குவது என்று போயிற்று. அந்த மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, பள்ளியை முடிப்போர் தொகையும் கல்லூரியில் சேருவோர் தொகையும் உயர்ந்தன என்று கண்டது. அதே நகரம், அதே பாடம்.

நியூயார்க் மாநிலத்தின் ராக்வில் சென்டர் என்ற சிறு ஊரில் இன்னொரு வழியில் செய்து காட்டினார்கள். மேல்பிரிவுக்கென்று வைத்திருந்த துரித கணிதப் பாடத்தையே எல்லா மாணவர்களுக்கும் கலப்பு வகுப்பில் நடத்தி, தடுமாறுகிறவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் துணைப் பட்டறை வைத்தார்கள். உயர் கணிதம் படிப்போர் எல்லாத் தரப்பிலும் கூடினர். ஏற்கெனவே முன்னணியில் இருந்தவர்களின் தேர்ச்சி குறையவில்லை. அவர்கள் எல்லோரையும் கீழே இறக்கிச் சமன் செய்யவில்லை, மேலே இருந்த பாடத்தைப் பொதுவாக்கினார்கள். பிரிவினையை எதிர்க்கும் நண்பர்களின் பக்கம் இருக்கும் வலுவான சான்று இதுதான் என்பது என் கருத்து. ஆனால் அதற்கான செலவையும் ஆசிரியர்களின் உழைப்பையும் அவர்கள் கடிதங்களில் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள்.

பிரிவினையை ஆதரிக்கும் நண்பர்கள் பெரும்பாலும் கென்யாவைக் காட்டுவார்கள். அந்நாட்டின் மேற்குப் பகுதியில் 121 தொடக்கப் பள்ளிகளில் எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டூபா, மைக்கேல் கிரெமர் ஆகியோர் நடத்திய சோதனையில், திறன்வாரியாகப் பிரித்த பள்ளிகளில் மேல்பிரிவும் முன்னேறியது, கீழ்ப்பிரிவும் முன்னேறியது. ஆசிரியர் தன் எதிரில் இருக்கும் பிள்ளைகளின் நிலைக்கு ஏற்பப் பாடம் நடத்த முடிந்ததே காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சோதனையில் எந்த ஆசிரியர் எந்தப் பிரிவுக்கு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள் என்பதை நண்பர்கள் சொல்வதில்லை. நடைமுறையில் எந்தப் பள்ளியில் அப்படி நடக்கிறது? அனுபவம் வாய்ந்தவருக்கும் பாடத்தில் புலமை உள்ளவருக்கும் மேல்பிரிவைக் கொடுப்பது ஒரு மரியாதை. புதிதாகச் சேர்ந்தவருக்கும் தற்காலிகமாக வந்தவருக்கும் கீழ்ப்பிரிவு. ஆசிரியர் அறையில் இதை யாரும் அநீதி என்று நினைப்பதுகூட இல்லை, பணிமூப்பின் சலுகை என்றே நினைக்கிறார்கள். அதிக உதவி தேவைப்படும் இடத்துக்கு அனுபவம் குறைந்தவரை அனுப்பும் வழக்கம் தொடரும் வரை, கென்ய முடிவை வைத்து நம் பள்ளிகளுக்கு நியாயம் கற்பிக்க முடியாது.

நான் வலியுறுத்த விரும்பும் வழி எளியது. பள்ளி ஏற்கெனவே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் தேர்வு வைக்கிறது. அந்த மதிப்பெண்கள் கையில் இருக்கின்றன. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், யாரும் கேட்காமலே, யாரும் பரிந்துரைக்காமலே, அடுத்த ஆண்டின் கடினமான வகுப்புப் பட்டியலில் தானாக ஏற வேண்டும். வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளட்டும். இப்போது சேருவதற்குத்தான் கடிதம் வேண்டியிருக்கிறது. அதை விலகுவதற்கான கடிதமாக மாற்றினால் போதும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2018-இல் இதைச் சட்டமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அம்மாநில நாளிதழ்கள் நடத்திய புலனாய்வில், உச்ச மதிப்பெண் பெற்ற ஏழைப் பிள்ளைகளுள் பலர் துரித வகுப்பில் சேர்க்கப்படாமலே விடுபட்டது வெளிவந்திருந்தது. கணிதத் தேர்வில் மிக உயர்ந்த நிலையை எட்டிய மாணவரை உயர் கணித வகுப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும், பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் எடுக்கக் கூடாது என்றது சட்டம். டெக்சஸ் மாநிலம் 2023-இல் இன்னும் அகலமாகக் கதவைத் திறந்தது: ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் உயர் கணிதத்தில் தானாகச் சேர்க்க வேண்டும், பெற்றோர் விரும்பினால் விலக்கலாம் என்பது அங்குள்ள விதி. கட்சி அரசியலில் எதிரெதிர் முனைகளில் இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடிகிறது என்பது கவனிக்கத்தக்கது.

தேர்வே ஒருதலைப்பட்சமானது, அதை எப்படி நம்புவது என்ற ஆட்சேபம் எழும். அதில் பாதி உண்மை இருக்கிறது. நியூயார்க் நகரம் பல ஆண்டுகள் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நுழைவுத் தேர்வு வைத்து மீத்திறன் வகுப்புகளை நிரப்பியது. தேர்வு எழுதப் பெற்றோர்தான் பெயர் கொடுக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்குத் தனிப்பயிற்சி அளிப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அந்த வகுப்புகளில் ஏழைப் பிள்ளைகள் அரிதானதில் வியப்பில்லை. பள்ளிக்கே வராத வயதில், ஒரே ஒரு நாளில், அதுவும் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் எந்தத் தேர்வும் வீட்டு வசதியைத்தான் அளக்கும். ஆகவே சோதனை பள்ளி நேரத்தில் எல்லோருக்கும் நடக்க வேண்டும். ஒருமுறையோடு நில்லாமல் ஆண்டுதோறும் நடக்க வேண்டும். தேர்வில் தவறியும் ஆசிரியர் கண்ணுக்குத் தென்பட்ட பிள்ளையைச் சேர்க்க வழி இருக்க வேண்டும். ஆசிரியரின் பரிந்துரை ஒரு பிள்ளையை உள்ளே கொண்டுவரப் பயன்படட்டும். தகுதி மதிப்பெண் பெற்ற பிள்ளையை வெளியே நிறுத்த அது பயன்படக் கூடாது. தேர்வில் குறை இருந்தாலும் அதன் மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்க முடியும். ஒருவர் மனதில் தோன்றிய எண்ணத்தை அப்படி எடுத்துப் பார்க்க வழியில்லை.

பட்டியலில் பெயர் ஏறிய பிறகு அந்தப் பிள்ளையின் நிலை என்ன என்பதைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியில் உள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில், ஹைமே எஸ்கலான்டே என்ற ஆசிரியரிடம் படித்த 18 மாணவர்கள் 1982-இல் கல்லூரி நிலை நுண்கணிதத் தேர்வில் தேறினார்கள். உழைக்கும் மக்களின் பிள்ளைகள் அவர்கள். 14 பேரின் விடைத்தாள்கள் மீது தேர்வு நிறுவனம் சந்தேகம் எழுப்பியது. மறுதேர்வு எழுதிய 12 பேரும் மீண்டும் தேறினார்கள். இதை ஓர் ஆசிரியரின் மன உறுதியைப் பற்றிய கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். அவர் 1974-இல் அந்தப் பள்ளிக்கு வந்தவர். நுண்கணித வகுப்பையே 1970களின் இறுதியில்தான் தொடங்க முடிந்தது. அதற்கு முந்தைய நிலைகளில் இயற்கணிதம் ஒழுங்காக நடக்கும்படி செய்து, கோடை விடுமுறை வகுப்புகளையும் ஏற்படுத்திய பிறகே அந்த எண்ணிக்கை வந்தது. மேல்வகுப்பின் கதவைத் திறந்துவிட்டுக் கீழ்வகுப்புகளை அப்படியே விட்டால், முதல் பருவத் தேர்விலேயே பாதிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள். பிறகு, "பார்த்தீர்களா, இவர்களால் முடியாது" என்று சொல்வதற்கு ஆள் தயாராக இருப்பார்.

ஒரு பிள்ளையை எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரே முத்திரை குத்தும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். சிங்கப்பூர் இதில் நாற்பது ஆண்டுப் பழக்கத்தை மாற்றியிருக்கிறது. 2024 முதல் அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பழைய பிரிவுகள் இல்லை. கணிதத்தில் வலுவும் மொழியில் தடுமாற்றமும் உள்ள மாணவர் ஒவ்வொரு பாடத்தையும் அதற்கேற்ற நிலையில் படிக்கிறார், கலப்பு வகுப்பில் உட்காருகிறார். மொழி தடுமாறுவதால் கணிதத்தையும் சேர்த்து இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மொழிப்பாட ஆசிரியர்களைக் கேட்டால் இதற்கு நேர்மாறான பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார்கள்.

வகுப்பில் தகுதியில்லாதவர்கள் நுழைந்து தரம் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ப்ரோவர்ட் கவுண்டியிலேயே அதே இரு அறிஞர்கள் மற்றோர் ஆய்வும் செய்தார்கள். அங்கே மீத்திறன் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு தொடங்கியபோது, மிச்சமிருந்த இடங்களை அந்தப் பள்ளியில் முந்தைய ஆண்டுத் தேர்வில் முன்னணியில் வந்த மற்றப் பிள்ளைகளைக் கொண்டு நிரப்பினார்கள். அப்படிச் சேர்ந்தவர்களுள் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளின் கணிதமும் வாசிப்பும் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தன. அந்த வகுப்பில் இடம் கிடைக்காமல் வெளியில் இருந்தவர்களுக்கும் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. இடம் குறைவு என்பதுதான் அச்சத்தின் வேர் என்றால், தகுதியுள்ளோர் தொகைக்கேற்ப இன்னொரு வகுப்பைத் திறக்கச் சொல்லி அந்தப் பெற்றோரும் சேர்ந்து கேட்கலாம். பாடப்புத்தகமும் அறையும் ஏற்கெனவே இருக்கின்றன. வேண்டியது பயிற்சி பெற்ற ஆசிரியர்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். சிறப்பு வகுப்புகள், மீத்திறன் திட்டங்கள் பற்றித் தாங்கள் செய்தி வெளியிடும்போது தேர்வான மாணவர்களின் படமும் வாழ்த்தும் வருகின்றன, மகிழ்ச்சி. இனி அத்தகைய செய்தி வரும்போது, குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டிய மாணவர்கள் மொத்தம் எத்தனை பேர், அவர்களுள் வகுப்பில் இடம் கிடைத்தவர்கள் எத்தனை பேர், விடுபட்டவர்கள் எந்தப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள் என்ற விவரங்களையும் கல்வி அதிகாரிகளிடம் கேட்டு, கிடைத்த பதிலை அந்தச் செய்தியுடனேயே வெளியிடுங்கள். பதில் தரவில்லையென்றால் தரவில்லை என்பதையும் அச்சிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்